அடுக்கிணைப்பில் பழுதான பிணையச் சுவிட்சை மாற்றுதல்

அடுக்கிணைப்பில் பழுதான பிணையச் சுவிட்சை மாற்றுதல் என்பது, ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு ஒரே கருவியாக இயங்கும் பல சுவிட்சுகளில் ஒன்று பழுதடையும்போது, மற்றவற்றின் இயக்கம் குலையாமல் அதை அகற்றி வேறொன்றைப் பொருத்தும் பணியாகும். திருகாணி கழற்றிக் கேபிள் மாற்றும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறினால், பழுதான ஒன்றோடு நன்றாக இருந்த மற்றச் சுவிட்சுகளும் சேர்ந்து நின்றுபோகும். மருத்துவமனைப் பதிவு, வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ், கல்லூரியின் இணையவழித் தேர்வு போன்றவை இத்தகைய அடுக்குகளை நம்பியே நடப்பதால், இந்த வரிசையை அறிந்திருப்பது பிணையப் பணியாளருக்கு இன்றியமையாதது.

சுவிட்ச் அடுக்கு என்றால் என்ன?

ஓர் அலுவலகத்தில் உள்ள கணினி, அச்சுப்பொறி, தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றை உள்ளகப் பிணையத்தில் இணைக்கும் கருவியே சுவிட்ச். எந்தப் போர்ட்டில் எந்த மேக் முகவரி உள்ளது என்பதைக் கற்றுக்கொண்டு, வந்த தரவை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது இதன் பணி. வழக்கமான சுவிட்ச் ஒன்றில் 24 அல்லது 48 போர்ட்டுகள் இருக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் இன்னொரு சுவிட்ச் வாங்க வேண்டும். தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி, தனி அமைப்பு, தனிக் கடவுச்சொல் என்று மேலாண்மை பெருகும்.

இதற்கு மாற்றாக, பின்புறத்தில் உள்ள சிறப்புப் போர்ட்டுகள் வழியே சுவிட்சுகளைக் குறுகிய கேபிள்களால் இணைத்து ஒன்றாக்குவதே அடுக்கிணைப்பு. 48 போர்ட் கொண்ட 4 சுவிட்சுகளை அடுக்கினால், 192 போர்ட் உள்ள ஒரே சுவிட்சாக அது தோன்றும். ஐபி முகவரி ஒன்று. அமைப்புக் கோப்பும் ஒன்று.

கேபிள்கள் பொதுவாக வளைய வடிவில் இணைக்கப்படும். முதல் சுவிட்சிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் என்று சென்று, கடைசிச் சுவிட்சிலிருந்து மீண்டும் முதலாவதற்கே ஒரு கேபிள் வரும். வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தால் அடுக்கின் உள்வேகம் பாதியாகும்; ஆனால் இயக்கம் நிற்காது. இரண்டு இடங்களில் அறுந்தால் அடுக்கு இரு துண்டாகும். இரண்டு துண்டும் ஒரே அமைப்புக் கோப்பையும் ஒரே ஐபி முகவரியையும் வைத்துக்கொண்டு இயங்கத் தொடங்குவதால் முகவரி மோதல் ஏற்படும்.

வளர்ச்சி

பல போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை 1990இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். 1994இல் அதைச் சிஸ்கோ வாங்கியது. சிஸ்கோ 2003இல் கேட்டலிஸ்ட் 3750 வரிசையுடன் ஸ்டாக்வைஸ் என்னும் அடுக்கு முறையை அறிமுகப்படுத்தியது. இதில் 9 சுவிட்சுகள் வரை இணைக்கலாம். வளையத்தின் வேகம் நொடிக்கு 32 கிகாபிட். பின்னர் வந்த கேட்டலிஸ்ட் 3850 வரிசையில் இது 480 கிகாபிட்டாக உயர்ந்தது. ஜூனிபர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட இஎக்ஸ் 4200 வரிசையில் 10 சுவிட்சுகளை 'விர்ச்சுவல் சேஸி' என்ற பெயரில் இணைக்க முடிந்தது. எச்பி நிறுவனச் சுவிட்சுகளில் இது ஐஆர்எஃப் என்றும், அரூபா சுவிட்சுகளில் விஎஸ்எஃப் என்றும் வழங்குகிறது. கட்டளைகள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. கீழே வரும் கட்டளைகள் கேட்டலிஸ்ட் வரிசைக்கு உரியவை.

தலைமைத் தேர்வு

அடுக்கில் ஒரு சுவிட்ச் தலைமை ஏற்கும், மற்றவை உறுப்புகள். அமைப்புக் கோப்பைப் பராமரிப்பதும், புதிதாகச் சேரும் உறுப்புக்கு அதை வழங்குவதும் தலைமையின் வேலை. தலைமை யார் என்பதைச் சுவிட்சுகள் தாமே முடிவு செய்கின்றன:

1. ஏற்கெனவே தலைமையில் இருக்கும் சுவிட்சே தொடரும்.
2. அப்படி ஒன்று இல்லாவிட்டால், முன்னுரிமை எண் மிகுந்த சுவிட்ச் தலைமை ஏற்கும். இந்த எண் 1 முதல் 15 வரை இருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 1 ஆக இருக்கும்.
3. முன்னுரிமை சமமானால், மாதிரிக்கு மாதிரி வேறுபடும் சில அளவுகோல்கள் பார்க்கப்படும்.
4. அவையும் சமமானால், மேக் முகவரி எதற்குச் சிறியதோ அது தலைமை ஏற்கும்.

மின்சாரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் தனிச் சுவிட்ச் ஒவ்வொன்றும், தன்னளவில் ஒரு சுவிட்ச் கொண்ட அடுக்கின் தலைமையே. எனவே ஓடிக்கொண்டிருக்கும் புதிய சுவிட்சை ஓடிக்கொண்டிருக்கும் அடுக்கோடு கேபிளால் இணைத்தால், அது உறுப்பாகச் சேர்வதாகாது. இரண்டு அடுக்குகள் இணைவதாகும். இரண்டு தலைமைகளுக்கும் போட்டி நடக்கும். தோற்ற அடுக்கின் சுவிட்சுகள் அனைத்தும் மறுதொடக்கமாகி, வென்றவரின் அமைப்பை ஏற்கும். புதிய சுவிட்ச் வென்றுவிட்டால், அதனிடம் இருக்கும் வெற்று அமைப்பே முழு அடுக்குக்கும் அமைப்பாகிவிடும். அனைத்து விலேன்களும் ஐபி முகவரிகளும் நொடியில் மறையும்.

இதனால், புத்தம் புதிய சுவிட்சைவிட வேறொரு கட்டடத்தில் பயன்பட்டு வந்த உதிரிச் சுவிட்சே அதிக ஆபத்தானது. அங்கே தலைமையாக இருந்திருந்தால் அதன் முன்னுரிமை 15 ஆக இருக்கக்கூடும். அமைப்புக் கோப்பை அழித்தாலும், உறுப்பு எண்ணும் முன்னுரிமை எண்ணும் அந்தக் கோப்புக்கு வெளியே தனியாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் அழியா.

தென்காசிச் சூழலும் பழுதும்

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மாவட்ட, வட்ட அளவிலான அரசு அலுவலகங்கள், எல்காட் நிறுவனம் நிர்வகிக்கும் மாநில அளவிலான பிணையத்தின் வழியே சென்னையோடு தொடர்புகொள்கின்றன. ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்ததைத் தொடர்ந்து, அருகிலுள்ள மத்தளம்பாறை கணினித் துறையில் அறியப்பட்ட ஊராயிற்று. பெருநகரத்துக்கு வெளியே பிணையக் கருவிகள் பெருகும்போது, அவற்றின் பழுதும் பராமரிப்பும் அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தையும் தொலைவையும் பொறுத்து அமைகின்றன.

*ஈரம்:* மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாயை ஒட்டி அமைந்திருப்பதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பகுதியில் காற்றும் தூறலும் மிகும். மாடிப்படிக்குக் கீழோ சன்னல் ஓரத்திலோ வைக்கப்பட்ட ரேக்குகளில் காற்றோடு வரும் தூசியும் ஈரமும் சேர்ந்து, மின்விசிறியையும் இணைப்பு முனைகளையும் அரிக்கின்றன.

*இடி மின்னல்:* கோடை மழையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலும் இடி மின்னல் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் இழுக்கப்பட்டிருந்தாலோ, கேமராக் கேபிள் வெளிச்சுவரில் நீளமாகச் சென்றாலோ, மின்னெழுச்சி அதன் வழியே வந்து சுவிட்சின் போர்ட்டுகளைக் கருக்கிவிடும். கட்டடங்களுக்கு இடையே ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்துவதும், ரேக்கை முறையாக நிலத்தோடு இணைப்பதும் இதற்கான தடுப்பு.

*தொலைவு:* தென்காசியிலிருந்து திருநெல்வேலி சாலை வழியே ஏறத்தாழ 55 கி.மீ.; மதுரை அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவு. மாற்றுக் கருவி உத்தரவாதப்படி வருவதற்குள் ஒன்றிரண்டு வேலைநாள்கள் கழியக்கூடும். எனவே அடுக்கில் உள்ள அதே மாதிரியில் ஓர் உதிரிச் சுவிட்சையும் ஓர் அடுக்குக் கேபிளையும் அலுவலகத்திலேயே வைத்திருப்பது பெரிய பாதுகாப்பு. சாரல் காலத்தில் குளிரூட்டிய வாகனத்தில் வந்திறங்கிய கருவியை உடனே இயக்கக்கூடாது. அறையின் வெப்பநிலைக்கு அது வரும்வரை பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த பரப்பில் நீர் படியும்.

பழுதை உறுதிசெய்தல்

சுவிட்சே பழுது என்று முடிவு செய்வதற்கு முன் எளிய காரணங்களை விலக்க வேண்டும்.

* முன்புற விளக்கு ஒன்றுமே எரியாவிட்டால், யூபிஎஸ் வெளியீடு, மின்வடம், மின்வழங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல மாதிரிகளில் மின்வழங்கியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். சுவிட்சை அசைக்கவே தேவையில்லை.
* அமைப்பு விளக்கு மஞ்சளாக எரிந்தால், தொடக்கச் சோதனை தோல்வி போன்ற உட்பழுதாக இருக்கலாம்.
* ஒரு போர்ட் மட்டும் இயங்காவிட்டால், அந்தப் பயனரைத் தற்காலிகமாக வேறு போர்ட்டுக்கு மாற்றலாம்.
* கேமராக்களும் தொலைபேசிகளும் மட்டும் அணைந்து கணினிகள் இயங்கினால், பிஓஈ எனப்படும் கேபிள்வழி மின்வழங்கலில் குறை இருக்கலாம். 2003இல் வந்த தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரப்படுகிறது. 48 போர்ட்டுக்கும் முழுதாகத் தர ஏறத்தாழ 740 வாட் வேண்டும். சிறிய மின்வழங்கியால் அது இயலாது.

'ஷோ ஸ்விட்ச்' என்னும் கட்டளை உறுப்புகள் அனைத்தின் எண், பங்கு, முன்னுரிமை, நிலை ஆகியவற்றைக் காட்டும். இயங்கும் உறுப்பு 'ரெடி' என்றும், விலகிய உறுப்பு 'ரிமூவ்டு' அல்லது 'புரொவிஷண்டு' என்றும் காட்டப்படும். 'ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்' என்பது ஒவ்வோர் அடுக்குக் கேபிளின் நிலையையும் காட்டும். உறுப்பு ஒன்று விலகியதற்குக் காரணம், தளர்ந்த கேபிளாகவும் இருக்கலாம்.

மாற்றுவதற்கு முன்

எடுத்துக்காட்டாக, 4 சுவிட்ச் அடுக்கில் 3ஆம் எண் உறுப்பு பழுதாகிவிட்டது என்று கொள்வோம். 1ஆம் எண் தலைமை.

*காப்புப் பிரதி:* இயங்கும் அமைப்புக் கோப்பை அடுக்குக்கு வெளியே ஒரு கணினியில் சேமிக்க வேண்டும். 3ஆம் எண்ணின் போர்ட் அமைப்புகள் இதில் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

*வளையத்தின் நிலை:* 3ஆம் எண் அணைந்துவிட்டதால் வளையம் ஏற்கெனவே ஓரிடத்தில் உடைந்து, 4-1-2 என்ற சங்கிலியாக இருக்கிறது. இந்நிலையில் மீதமுள்ள கேபிள்களில் ஒன்றை அசைத்தாலும் அடுக்கு பிளவுபடும். எந்தக் கேபிள்களைத் தொடக்கூடாது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

*மாதிரி:* மாற்றுச் சுவிட்ச் அதே மாதிரியாக இருக்க வேண்டும். 48 போர்ட்டுக்குப் பதில் 24 போர்ட் சுவிட்சை வைத்தால், அடுக்கு அதை வேறு வகை உறுப்பாகக் கருதி இயல்புநிலை அமைப்பைக் கொடுக்கும். 3ஆம் எண்ணுக்காக வைத்திருந்த பழைய போர்ட் அமைப்புகள் அழியும்.

*மென்பொருள் பதிப்பும் உரிமமும்:* இரண்டும் அடுக்கில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பதிப்பு வேறுபட்டால் புதிய உறுப்பு 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' நிலையில் நின்றுவிடும். தானாகப் பதிப்பை ஒத்திசைக்கும் வசதி சில வரிசைகளில் இயல்பாகவே இயங்கும். சிலவற்றில் நாமே இயக்க வேண்டும்.

*பெயரொட்டு:* பழுதான சுவிட்சில் உள்ள 48 கேபிள்களுக்கும் போர்ட் எண் எழுதி ஒட்டி, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். கேபிள் இடம் மாறினால், பதிவுப் பிரிவின் கணினி கேமராக்களின் விலேனில் போய் விழும்.

மாற்றும் முறை

1. புதிய சுவிட்சை அடுக்கிலிருந்து விலக்கி, ஒரு மேசையில் தனியாக வைத்து இயக்க வேண்டும்.
2. மென்பொருள் பதிப்பைச் சரிபார்த்து, தேவையானால் அடுக்கின் பதிப்பை ஏற்ற வேண்டும்.
3. பழைய அமைப்புக் கோப்பையும், விலேன் விவரங்கள் உள்ள 'விலேன் டாட் டேட்' கோப்பையும் அழிக்க வேண்டும்.
4. 'ஸ்விட்ச் 1 பிரயாரிட்டி 1' என்று முன்னுரிமையைத் தாழ்த்தி, 'ஸ்விட்ச் 1 ரீநம்பர் 3' என்று உறுப்பு எண்ணை 3 ஆக்க வேண்டும். சுவிட்சின் தற்போதைய எண் 1 என்று இங்கே கொள்ளப்பட்டுள்ளது. உதிரிச் சுவிட்சில் அது வேறாகவும் இருக்கலாம்.
5. மறுதொடக்கம் செய்து, எண் மாறியதை உறுதிப்படுத்திய பின் மின்சாரத்தை நிறுத்தி வடத்தைக் கழற்ற வேண்டும்.
6. பழுதான சுவிட்சின் மின்வடத்தையும், பிறகு அதன் கேபிள்களையும் கழற்றி, ரேக்கிலிருந்து எடுக்க வேண்டும். அதோடு இணைந்த இரண்டு அடுக்குக் கேபிள்களின் மறுமுனைகளை அப்படியே விட்டுவிடலாம்.
7. புதிய சுவிட்சை ரேக்கில் பொருத்தி, நிலத்தொடர்புக் கம்பியை இணைத்து, மின்சாரம் இல்லாத நிலையிலேயே இரண்டு அடுக்குக் கேபிள்களையும் செருகித் திருகாணியை இறுக்க வேண்டும்.
8. இப்போதுதான் மின்சாரம் தர வேண்டும். சுவிட்ச் தொடங்கும்போதே அருகில் ஒரு தலைமை இருப்பதைக் கண்டு, போட்டியின்றி உறுப்பாகச் சேரும்.
9. 'ஷோ ஸ்விட்ச்' கட்டளையில் 3ஆம் எண் 'ரெடி' என்று வந்ததையும், எல்லா அடுக்குப் போர்ட்டுகளும் இயங்குவதையும், வளையம் முழுமையானதையும் சரிபார்க்க வேண்டும்.
10. பயனர் கேபிள்களைப் பெயரொட்டின்படி செருகி, விலேன்வாரியாகச் சோதிக்க வேண்டும்.
11. அமைப்பைச் சேமிக்க வேண்டும்.

எண்ணை முன்கூட்டி மாற்றாவிட்டாலும், அடுக்கு காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணைப் புதிய உறுப்புக்குத் தானாகவே தரும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 3 ஆகவே அமையும். ஆனால் முன்பு எப்போதோ 2ஆம் எண் சுவிட்ச் அகற்றப்பட்டு அந்த இடம் காலியாக இருந்தால், புதியது 2 ஆகிவிடும்; 3ஆம் எண்ணின் போர்ட் அமைப்புகள் ஆளின்றிக் கிடக்கும். எனவே எண்ணைத் தாமே இடுவதே நல்லது.

தலைமைச் சுவிட்ச் பழுதானால்

தலைமை விழுந்தால் எஞ்சிய உறுப்புகளில் ஒன்று தலைமை ஏற்கும். கேட்டலிஸ்ட் 3850, 9300 வரிசைகளில் துணைத் தலைமை ஒன்று எப்போதும் தயாராக இருப்பதால் மாற்றம் விரைவாக நடக்கும். 3750 போன்ற பழைய வரிசையில் தேர்வு நடந்து முடியும்வரை பிணையங்களுக்கு இடையிலான வழிச்செலுத்தல் தடைபடலாம்.

பழுதான பழைய தலைமைக்குப் பதிலாக வரும் சுவிட்சும் மேற்கண்ட முறையிலேயே சேர வேண்டும். அதற்கு 15 என்ற முன்னுரிமை கொடுத்தாலும் உடனே அது தலைமையாகாது. இருக்கும் தலைமையே தொடரும். அடுக்கு முழுவதும் மறுதொடக்கமாகும்போதுதான் முன்னுரிமைக்கு வேலை வரும். நீண்ட மின்வெட்டில் யூபிஎஸ் தீர்ந்து, எல்லாச் சுவிட்சுகளும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழும் நேரமே அது. ஆகவே தலைமைக்கு 15, துணைக்கு 14, மற்றவற்றுக்கு 1 என்று எண்களைத் திட்டமிட்டு இட வேண்டும்.

தலைமை மாறிய பின்னும், பழைய தலைமையின் மேக் முகவரியையே அடுக்கு தொடர்ந்து பயன்படுத்துமாறு அமைக்கலாம். அவ்வாறு அமைந்திருந்தால், பழுதுபார்த்துத் திரும்பிய பழைய தலைமைச் சுவிட்சை அதே பிணையத்தின் வேறோர் இடத்தில் பயன்படுத்தக்கூடாது. ஒரே மேக் முகவரி இரண்டு இடங்களில் தோன்றி, தரவு வழிதவறும்.

பாதிப்பைக் குறைக்கும் ஏற்பாடுகள்

* வெளியிணைப்புக் கேபிள்கள் இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகாமல், இரண்டு உறுப்புகளில் பிரித்து, எல்ஏசிபி முறையில் ஒரே இணைப்பாகச் சேர்க்கலாம். ஓர் உறுப்பு விழுந்தாலும் வெளித்தொடர்பு அறாது.
* ஒரே பிரிவின் கணினிகள் அனைத்தையும் ஒரே சுவிட்சில் இணைக்காமல் இரண்டாகப் பகிரலாம். பதிவுப் பிரிவின் பாதிக் கணினிகளாவது இயங்கும்.
* வளையத்தைச் சங்கிலியாக விடக்கூடாது. கடைசிக் கேபிள் இல்லாமலும் அடுக்கு இயங்கும் என்பதால் பலர் அதைப் போடாமல் விடுகின்றனர். நடுவில் ஒரு சுவிட்ச் அணையும் நாளில்தான் அதன் தேவை தெரியும்.
* அடுக்குக் கேபிள்கள் அரை மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் நீளங்களில் கிடைக்கின்றன. வளையத்தை மூடும் கேபிள் நீளமாக இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே கணக்கிட வேண்டும்.

பழைய சுவிட்ச்

பழுதான சுவிட்சில் கடவுச்சொற்களும் பிணைய அமைப்பும் இருக்கும். அது இயங்கும் நிலையில் இருந்தால், உற்பத்தியாளருக்கு அனுப்புவதற்கு முன் அமைப்பை அழிக்க வேண்டும். இயங்காத நிலையில் அனுப்ப நேர்ந்தால், அடுக்கின் நிர்வாகக் கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும். உத்தரவாதம் முடிந்த கருவியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது முறையன்று. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

மாற்றம் முடிந்ததும் தேதி, பழைய, புதிய சுவிட்சுகளின் வரிசை எண்கள், உறுப்பு எண், முன்னுரிமை, மென்பொருள் பதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரேக்கின் கதவில் உட்புறமாக ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். அடுத்த பழுதின்போது அங்கே வந்து நிற்பவர் வேறொருவராக இருக்கலாம்.